மாத்திரை படுத்துகிறதா? நிறுத்த வேண்டாம், சொல்லுங்கள்!

சர்க்கரை நோய் மருந்துகளின் பக்கவிளைவுகளைச் சமாளிப்பது எப்படி? தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு சிறப்புக் கட்டுரை

“அந்த மாத்திரையப் போட்டா வயித்தக் கலக்குது. அதான் நிப்பாட்டிட்டேன்.”

“ரொம்ப நாள் தின்னா கிட்னி போயிரும்னு சொல்லுதாக.”

“போட்ட கொஞ்ச நேரத்துல கிறுகிறுன்னு வருது. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுதேன்.”

அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டிலோ பாளையங்கோட்டை மார்க்கெட்டிலோ சர்க்கரை நோயாளிகள் இருவர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே இங்கே வந்து நின்றுவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரரிடம் சொல்கிறார்கள். மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மட்டும் சொல்வதில்லை. அவர் கேட்டால், “ஒழுங்காத்தான் போடுதேன் டாக்டர்” என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

இதன் விளைவு சாதாரணமானதல்ல. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்க்கும் மருத்துவர், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டுகிறார். கூட்டிய அளவை நோயாளி ஒருநாள் ஒழுங்காகப் போட்டதும் சர்க்கரை தடாலென்று இறங்குகிறது. பயந்துபோய் மறுபடி நிறுத்துகிறார். மறுபடி ஏறுகிறது. ஆண்டுகள் இப்படியே ஓடும்போது கண்ணும் காலும் சிறுநீரகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகின்றன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்துடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் இருபது வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேர். அதாவது, ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். இவர்கள் மருந்துக்காக அலையக் கூடாது என்றுதான் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. இப்போது சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இது பெரிய சாதனை. ஆனால், வாசலுக்கு வந்த மாத்திரை வயிற்றுக்குள் போகிறதா, போனபின் என்ன செய்கிறது என்ற பேச்சு இன்னும் வீடுகளுக்குள் வந்து சேரவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். சர்க்கரை மருந்துகளின் பக்கவிளைவுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தீர்வு இருக்கிறது. நேரத்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், அதே மருந்தின் வேறு வடிவத்துக்குப் போகலாம், வேறு மருந்துக்கே மாறலாம். இத்தனை வழிகளும் திறப்பதற்கு நோயாளி வாயைத் திறக்க வேண்டும்.

வயிற்றைக் கலக்கும் மெட்ஃபார்மின்

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் பெரும்பாலோருக்கு முதலில் எழுதப்படும் மாத்திரை மெட்ஃபார்மின். 1957-ல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் இதைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகம் முழுவதும் புழங்கும் மருந்து. விலை குறைவு, தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்துவது அபூர்வம்.

இதன் தொல்லையெல்லாம் வயிற்றில்தான். வயிற்றுப்போக்கு, பொருமல், குமட்டல், வாயில் உலோகத்தை நக்கியது போன்ற ருசி. புதிதாகத் தொடங்குபவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு இவற்றில் ஏதோ ஒன்று வரும். குடல் சுவரில் இந்த மருந்து அதிகமாகத் தேங்குவதும், பித்த உப்புகள் உறிஞ்சப்படும் விதம் மாறுவதும் முக்கியக் காரணங்கள். ஆனால், சுத்தமாக ஒத்துக்கொள்ளாமல் நிறுத்தியே ஆக வேண்டியவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் குடல் பழகிவிடும்.

அந்தச் சில வாரங்களைக் கடக்க வழிகள் உண்டு. வெறும் வயிற்றில் போடவே கூடாது. சாப்பாட்டின் நடுவிலோ சாப்பிட்டு முடித்ததுமோ போட வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டோடு 500 மில்லிகிராம் என்று தொடங்கி, வாரத்துக்கு ஒரு படியாகக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம். அப்படியும் படுத்தினால், மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே தொல்லை அடங்கிவிடும்.

எஸ்.ஆர். மாத்திரையைக் கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. மலத்தில் மாத்திரையின் கூடு முழுசாக வந்து விழுவதைப் பார்த்து, “மருந்து உடம்புல சேரல” என்று பலர் பதறுகிறார்கள். மருந்து சேர்ந்துவிட்டது, வெளியே வந்தது வெறும் கூடு.

பல ஆண்டுகள் சிக்கலின்றிச் சாப்பிட்டு வந்தவருக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு வந்து நிற்காமல் போனால், பழியை மெட்ஃபார்மின் மேல் போட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாதம் எரிகிறதா? பி12 பாருங்கள்

மெட்ஃபார்மினின் இன்னொரு பக்கவிளைவு சத்தம் போடாமல் வரும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது உணவிலிருந்து வைட்டமின் பி12 உறிஞ்சப்படுவது குறைகிறது. அதிக அளவில், பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல். இதை வலியுறுத்தி பிரிட்டனின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2022-ல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தலே அனுப்பியது.

பி12 குறைந்தால் பாதத்தில் மதமதப்பு, எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, நாக்குப் புண், சோகை, மறதி எல்லாம் வரலாம். சர்க்கரை நோயால் நரம்பு கெட்டாலும் பாதம் இதேபோல்தான் எரியும். “சுகர் முத்திடுச்சு, அதான் கால் எரியுது” என்று இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், எளிதில் சரிசெய்யக்கூடிய குறை கவனிக்கப்படாமலே போகும். பி12 குறையை மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுகட்டிவிடலாம். தாமதித்தால் கெட்ட நரம்பு முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

தாமிரபரணிக் கரைக்கு இது கூடுதல் முக்கியம். பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் பொருள்களில்தான். பரம்பரையாகச் சைவச் சாப்பாடு சாப்பிடும் குடும்பங்கள் திருநெல்வேலி டவுனிலும் ஆற்றங்கரை ஊர்களிலும் நிறைய. ‘பாலில் கொழுப்பு, தயிரில் சளி’ என்று அதையும் ஒதுக்கியவர்கள் மெட்ஃபார்மினும் சாப்பிட்டால் குறைபாடு வர வாய்ப்பு அதிகம். கூடவே தினமும் ‘கேஸ் மாத்திரை’ போடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றன. மெட்ஃபார்மின் தொடங்கி நான்கைந்து ஆண்டுகள் ஆனவர்கள், குறிப்பாகச் சைவர்கள், மருத்துவரிடம் கேட்டு பி12 பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

லோ சுகர்: அல்வா உதவாது

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இவை தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். அதனால்தான் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வருகின்றன. முதியவர்களுக்குத் தடுமாற்றமும் உளறலும் மட்டுமே தெரியலாம். ‘வயசாயிட்டுல்லா’ என்று வீட்டார் விட்டுவிடும் ஆபத்து உண்டு. ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது லோ சுகர்.

அந்த நேரத்தில் நெல்லை வீடுகளில் கை அல்வாவைத் தேடிப் போகும். அல்வாவில் சர்க்கரை இருப்பது உண்மைதான். ஆனால், அதில் ஊறியிருக்கும் நெய், இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். லோ சுகருக்கு வேண்டியது வேகம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. தெளிந்தபின் இட்லியோ சோறோ கட்டாயம் சாப்பிட வேண்டும்.

இதில் பலருக்கும் தெரியாத நுணுக்கம் ஒன்று உண்டு. வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற மருந்துகள் சாதாரணச் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுப்பவை. கிளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையாக நம் ஊர் மருந்துக்கடைகளில் நிறைய விற்கிறது. அதைச் சாப்பிடுகிறவருக்கு லோ சுகர் வந்தால் சர்க்கரைத் தண்ணீர் சீக்கிரம் கேட்காது, குளுக்கோஸ்தான் கேட்கும். உங்கள் மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் என்று இருந்தால் வீட்டிலும் பையிலும் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

விரத காலங்களில் இந்த ஆபத்து கூடுகிறது. ஐப்பசியில் திருச்செந்தூர் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டு நேரம் தவறி மலையில் நடக்கிறார்கள். மேலப்பாளையத்தில் ரமலான் மாதம் முழுக்க நோன்பு. வேண்டுதலை யாரும் கைவிடச் சொல்லவில்லை. விரதம் தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே மருத்துவரிடம் போய், “இத்தனை நாள் விரதம், மாத்திரையை எப்படி மாற்றிக்கொள்வது?” என்று கேளுங்கள். நேரத்தையும் அளவையும் அவர் திருத்தித் தருவார். நோன்பு காலத்தில் மருந்துகளை எப்படி மாற்றுவது என்பதற்குச் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு தனி வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்களும், சிறுநீரகம் பழுதானவர்களும், அடிக்கடி லோ சுகர் வருகிறவர்களும் விரதத்தைத் தவிர்க்கச் சொன்னால், அந்தச் சொல்லை மதிக்க வேண்டும்.

பெண்கள் சொல்லத் தயங்கும் தொல்லை

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற புதிய மாத்திரைகள் கூடுதல் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இவை பாதுகாப்புத் தருவது பெரிய ஆய்வுகளில் நிரூபணமாகியிருக்கிறது. டாபாகிளிஃப்ளோசினின் மூலக் காப்புரிமை 2020-லும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்ததால் விலை வெகுவாக இறங்கி, சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியிருக்கின்றன.

சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல். ஆண்களுக்கும் வரும், பெண்களுக்குக் கூடுதலாக வரும். இதை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைத் தூக்கிப் போடுகிறவர்களும், சொல்லாமலே சகித்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். முக்கூடல், பேட்டை, மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை. எழுந்தால் கணக்கு குறையும் என்று தண்ணீர் குடிப்பதையும் சிறுநீர் கழிப்பதையும் தள்ளிப்போடுகிறார்கள். இந்த மாத்திரைக்கு அது சற்றும் ஒத்துவராத பழக்கம்.

ஒவ்வொரு முறை சிறுநீர் கழித்தபின்பும் தண்ணீர் விட்டுக் கழுவி ஈரம் போகத் துடைப்பது, பருத்தி உள்ளாடை, போதுமான தண்ணீர் என்று பார்த்துக்கொண்டாலே தொற்று வெகுவாகக் குறையும். வந்துவிட்டால் பூஞ்சை மருந்தில் பெரும்பாலும் சரியாகும். டாக்டரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் நர்ஸம்மாவிடமோ, வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ சொல்லுங்கள். அந்த இடத்தில் கடும் வலியும் வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் மட்டும் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

சித்திரை வெயிலில் வயல் வேலை, கட்டட வேலை பார்ப்பவர்கள் இந்த மாத்திரையில் இருந்தால் உடம்பில் நீர் வற்றித் தலைசுற்றல் வரலாம். அறுவை சிகிச்சைக்கு முன் பொதுவாக மூன்று நாள்களுக்கு இதை நிறுத்த வேண்டியிருக்கும்; எனவே எந்த ஆபரேஷனுக்குப் போனாலும் மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இன்னொன்று: இதைச் சாப்பிடும் காலம் முழுக்கச் சிறுநீர்ப் பரிசோதனையில் சர்க்கரை இருப்பதாகத்தான் வரும். மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. பயப்பட வேண்டாம்.

கால் வீக்கம், ஊசிக் கட்டி, குமட்டல்

பயோகிளிட்டசோன் மாத்திரை சிலருக்குக் கால் வீக்கத்தையும் எடையையும் கூட்டும். இதயம் பலவீனமானவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அச்சத்தால் 2013 ஜூனில் மத்திய அரசு இதன் விற்பனையை நிறுத்திவைத்து, அடுத்த மாத இறுதியிலேயே எச்சரிக்கைக் குறிப்புகளுடன் மீண்டும் அனுமதித்தது. கால் வீங்கினால் பிரஷருக்குச் சாப்பிடும் அம்லோடிபின்கூடக் காரணமாக இருக்கலாம். எந்த மாத்திரை என்று மருத்துவர்தான் பிரித்தறிய முடியும்.

இன்சுலின் ஊசியைத் தினமும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி விழும். வலி குறைவாக இருக்கிறதென்று அதே கட்டியில் குத்துகிறவர்கள் பலர். அதற்குள் போகும் இன்சுலின் ஒருநாள் வேகமாகவும் ஒருநாள் மெதுவாகவும் ரத்தத்தில் கலந்து சர்க்கரையை ஏற்றி இறக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலமாவது தள்ளிக் குத்த வேண்டும்.

2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்த மவுன்ஜாரோ போன்ற வாரம் ஒருமுறை ஊசிகளில் குமட்டலும் வாந்தியும் மலச்சிக்கலும் வரும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, வயிறு நிறைந்த உணர்வு வந்ததும் நிறுத்திக்கொண்டால் பெருமளவு தப்பலாம். எடை குறையும் ஆசையில் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்து.

“கிட்னி போயிரும்” என்ற பயம்

மாத்திரையை நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டால் அதிகம் காதில் விழுவது இந்தப் பயம்தான். அது எப்படிப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் வந்தது. மாத்திரையும் இருந்தது, கிட்னியும் போனது. ஆக மாத்திரையால் போனது என்று குடும்பம் முடிவு கட்டியது. அந்தப் பதினைந்து ஆண்டுகளும் ஏறிக்கிடந்த சர்க்கரையும் பிரஷரும் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுத்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஆனால், ஏற்கெனவே கெட்ட சிறுநீரகத்தால் மெட்ஃபார்மினை வெளியேற்ற முடியாது. அது உடம்பில் தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறும் ஆபத்து உண்டு. அபூர்வம் என்றாலும் உயிருக்கே உலை வைக்கும். அதனால்தான் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய மருத்துவர்கள் அளவைக் குறைத்து, 30-க்குக் கீழே போனதும் நிறுத்துகிறார்கள். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவருக்கு லோ சுகர் நீடித்து, தெளிந்தபின் மறுபடியும் வரும்.

பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்காக அதே மாத்திரையை வாங்கிப் போடுவது இதனால்தான் தவறு. ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் அல்புமினும் பார்த்துவிட்டால் இந்தப் பயத்துக்கு இடமே இல்லை.

பொடியும் மாத்திரையும்

பொதிகை மலையடிவாரம் மூலிகை மணக்கும் பூமி. பாளையங்கோட்டையில் 1964-ல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆவாரம்பூ, சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டைப் பொடி மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை இயல்பானது. மெட்ஃபார்மினின் பூர்வீகம்கூட ஐரோப்பாவின் கலேகா என்ற செடியில் கண்டறிந்த வேதிப்பொருளில்தான் தொடங்குகிறது. செடியிலிருந்து வந்தது என்பதால் பக்கவிளைவு இருக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

மாத்திரை படுத்துகிறது என்று யாருக்கும் சொல்லாமல் பொடிக்கு மாறுவதும், இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவதும் ஆபத்து. சர்க்கரையைக் குறைக்கும் மூலிகையும் மாத்திரையும் சேர்ந்தால் லோ சுகர் வரலாம். சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். அவரிடம் ஆங்கில மாத்திரை அட்டையைக் காட்டுங்கள். மாத்திரை எழுதித் தரும் மருத்துவரிடம் பொடியைக் காட்டுங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை

● லோ சுகரில் நினைவு தவறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

● வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சலால் சாப்பிட முடியாத நாளில் மெட்ஃபார்மினையும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையையும் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அன்றே மருத்துவரைக் கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக முழுசாக நிறுத்திவிடாதீர்கள்.

● டாபாகிளிஃப்ளோசின் வகை சாப்பிடுகிறவருக்கு வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், தாங்க முடியாத அசதி வந்தால், மீட்டரில் சர்க்கரை அவ்வளவாக ஏறாமல் இருந்தாலும் போக வேண்டும். கீட்டோன் அமிலம் ஏறியிருக்கலாம்.

● வாரம் ஒருமுறை ஊசி போடுகிறவருக்கு முதுகுவரை பரவும் கடும் வயிற்றுவலி வந்தால் கணைய அழற்சியா என்று பார்க்க வேண்டும்.

சொன்னால்தான் மருந்து தேறும்

சர்க்கரை நோய்க்கான மருந்துகளின் வரலாறே பக்கவிளைவில்தான் தொடங்கியது. 1922 ஜனவரி 11-ம் தேதி, கனடாவின் டொரன்டோ நகரில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. மருந்தில் இருந்த கசடால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்தது. சர்க்கரையும் போதிய அளவு இறங்கவில்லை. மருத்துவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இரவுபகலாக அந்தச் சாற்றைச் சுத்திகரித்தார். ஜனவரி 23-ம் தேதி மறுபடி போட்டபோது சிறுவன் தேறினான். கோளாறு கண்முன் தெரிந்ததால் பன்னிரண்டே நாளில் மருந்து திருந்தியது.

இன்று அந்தக் கோளாறைச் சொல்ல நம் எல்லோருக்கும் வழி இருக்கிறது. மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்க 2010-ல் மத்திய அரசு தேசியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகவே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் பதியலாம். அதற்கு முன்பே, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில், குடும்ப மருத்துவரிடம் சொல்லலாம்.

மருத்துவர்களிடமும் அரசிடமும் ஒரு வேண்டுகோள். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் நோயாளி தானாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க முடியாது. “மாத்திரை ஒழுங்கா போடுதீங்களா?” என்று கேட்டால் ‘ஆமா’ என்ற பதில்தான் வரும். “மாத்திரை ஏதாவது படுத்துதா, போன வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சு?” என்று கேட்டால் உண்மை வரும். வீடு தேடிப் போகும் தன்னார்வலர்களுக்கு இந்தக் கேள்வியைப் பழக்கிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் ஏழைகளுக்கு பி12 பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

நோயாளிகள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். என்ன தொல்லை, எப்போது வருகிறது, எத்தனை நாள் மாத்திரையை விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வராதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் எழுதித் தரட்டும். மாத்திரையை விட்டதற்காக யாராவது கோபித்துக்கொண்டால்கூடப் பரவாயில்லை. உண்மை தெரிந்த மருத்துவரால்தான் உங்களுக்குச் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியும்.